வெளிநாட்டுப் புலமைப்பரிசில்: காணியை ஈடு வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரங்களில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு நகரங்களின் சுவர்களிலும் முகநூல் பக்கங்களிலும் ஒரே விதமான விளம்பரங்களைக் காணலாம். "புலமைப்பரிசிலுடன் ஐக்கிய இராச்சியத்தில் கல்வி", "ஐ.ஈ.எல்.டி.எஸ். தேவையில்லை", "விசா உறுதி". இவற்றை நம்பி முகவர் நிலையத்தின் படியேறும் குடும்பங்களில் பல, போரில் வீட்டையும் உழைப்பாளியையும் இழந்து, மீள்குடியேறிய பின்னர் கையில் மிஞ்சிய காணி உறுதியையும் தாயின் ஒரு சோடி வளையலையும் மட்டுமே சொத்தாக வைத்திருப்பவை. அந்த உறுதிதான் ஈடாகிறது. அந்த வளையல்தான் அடகுக்குப் போகிறது.

முழுச் செலவையும் ஏற்கின்ற உண்மையான புலமைப்பரிசில்கள் இருக்கத்தான் செய்கின்றன. எமது மாணவர்கள் அவற்றைப் பெற்றும் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. ஆனால் அவற்றுக்காகச் சுவரொட்டி ஒட்டுவார் எவருமில்லை. ஒட்டுபவருக்கு அதில் தரகு கிடைக்காது என்பதே காரணம்.

கழிவும் புலமைப்பரிசிலும்

முகவர்கள் சொல்லும் "புலமைப்பரிசில்" பெரும்பாலும் கட்டணக் கழிவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 16,000 பவுண் கட்டணம் அறிவிக்கிறது. 3,000 பவுண் "புலமைப்பரிசில்" என்று கடிதம் வருகிறது. மிகுதி 13,000 பவுண். ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்தால் 52 இலட்சம் ரூபா. இதற்கு மேல் வாடகை, சாப்பாடு, விமானச் சீட்டு, விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணம். கடிதத்தில் இருக்கும் 3,000 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்த குடும்பம், இல்லாத 52 இலட்சத்தைத் தேடி அலையத் தொடங்குகிறது.

மாணவரைச் சேர்த்துக் கொடுக்கும் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகு கொடுப்பது வழமையான வியாபாரம், அதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆனால் கட்டணம் செலுத்தும் மாணவரால்தான் முகவர் வாழ்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவரது ஆலோசனையைக் கேட்க வேண்டும்.

எனவே எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. கற்கைக் கட்டணம் முழுவதும் உள்ளடங்குகிறதா? மாதாந்தக் கொடுப்பனவு உண்டா? விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு? முதல் ஆண்டுக்கு மட்டுமா, படிப்பு முடியும் வரையா? இரண்டாம் ஆண்டில் புள்ளி குறைந்தால் நிறுத்தப்படுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள்தான் நடு வழியில் நிற்கிறார்கள்.

வங்கி மீதி என்னும் மதில்

கட்டணத்தை விடவும் எங்கள் பிள்ளைகளை மறிப்பது விசாவுக்கான நிதி ஆதாரம். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. ஆனால் விசாவுக்கு ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கொன்றில் வைப்பிலிட்டுக் காட்ட வேண்டும். கனடாவில் தனியொரு மாணவர் கற்கைக் கட்டணத்துக்கு மேலதிகமாகக் காட்ட வேண்டிய தொகை 2025 செப்டெம்பரில் 22,895 கனேடிய டொலராக உயர்ந்தது.

இந்த இடத்தில்தான் வட்டிக்குப் பணம் வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டுக் காட்டும் பழக்கம் நுழைகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று விசா அதிகாரி கேட்கும்போது பதில் இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். போலிக் கடிதம் என்று கண்டால் பல ஆண்டுகளுக்குத் தடையும் விழலாம். வட்டி மட்டும் வீட்டில் தங்கிவிடும்.

முழுப் புலமைப்பரிசிலின் பெரிய பயன் இங்குதான் தெரியும். கற்கைச் செலவும் வாழ்க்கைச் செலவும் வழங்கப்படும் என்று உறுதிப்படுத்தும் கடிதமே நிதி ஆதாரமாக ஏற்கப்படுகிறது. வங்கியில் ஐயாயிரம் ரூபா கூட இல்லாத வீட்டுப் பிள்ளையும் விசா பெற இது வழி.

ஜேர்மனியில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அங்கு சட்டபூர்வமாக வசிக்கும், போதிய வருமானமுள்ள ஒருவர் தமது ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சென்று, இந்த மாணவரின் செலவை நான் பொறுப்பேற்கிறேன் என்று முறைப்படி கையொப்பமிட்டால், முடக்கப்பட்ட கணக்குக்குப் பதிலாக அது ஏற்கப்படலாம். சித்தப்பா பணம் அனுப்பத் தேவையில்லை, ஆனால் சட்டப்படி பொறுப்பாளியாகிறார். அதன் பாரத்தை அவர் விளங்கிக் கையொப்பமிட வேண்டும்.

"நோர்வேயில் படிப்பு இலவசம்" என்று சொல்லும் உறவினர்களும் உண்டு. அது 2023 இலையுதிர் காலம் வரையில் சரி. அதன் பின்னர் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அங்கும் கட்டணம் அறவிடப்படுகிறது. சுவீடனிலும் பின்லாந்திலும் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

உயர்தரத்துக்குப் பின்

இளமாணிப் படிப்புக்கான முழுப் புலமைப்பரிசில்கள் முதுமாணியை விடக் குறைவு. அதனால் போட்டியும் கடுமை. இலங்கைத் தமிழ் மாணவருக்கு மிக அருகில் இருப்பது இந்தியாதான். இந்திய அரசு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலை இளமாணிக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலை முதுமாணிக்கும், ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலைத் தகவல் தொழில்நுட்பம் சார்ந்த பொறியியலுக்கும் வழங்கி வருகிறது. கற்கைக் கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, தங்குமிடப்படி, நூல்களுக்கான ஆண்டுத் தொகை ஆகியன இதில் அடங்கும். மருத்துவம் இல்லை. இலங்கையின் கல்வி அமைச்சுடன் கலந்து தெரிவு நடைபெறுவதால் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவிப்பையும் அமைச்சின் இணையத்தளத்தையும் இரண்டையும் பார்க்க வேண்டும். 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. விபரம் கேட்கக் கொழும்புக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் பலருக்குத் தெரியாமலே போகிறது. கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகம் ஆண்டுதோறும் விண்ணப்பம் கோரும். இளமாணிக்கு 25 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானப் பாடங்களில் எழுத்துப் பரீட்சை உண்டு. தெரிவானால் முதலாண்டு ஜப்பானிய மொழி, பின்னர் பல்கலைக்கழகம். கட்டணம் இல்லை, விமானச் சீட்டு இலவசம், மாதம் 117,000 யென் கொடுப்பனவு. கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும் மாவட்ட வெட்டுப்புள்ளியில் ஒரு புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு இது பொருத்தமான களம்.

துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்கு அண்மைய ஆண்டுகளில் ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறது. எல்லாம் இணையத்தில், கட்டணமின்றி. இளமாணிக்கு 21 வயதுக்குக் குறைந்திருக்க வேண்டும் என்பதுதான் எமக்குச் சிக்கல். எங்கள் பிள்ளைகள் இரண்டாம், மூன்றாம் தடவை உயர்தரம் எழுதிவிட்டு நிமிரும்போது அந்த வயது தாண்டிவிடுகிறது. முதல் தடவை எழுதிய கையோடு விண்ணப்பிப்பதே புத்தி.

பெண் பிள்ளைகளுக்கு என்று தனியே சொல்ல வேண்டியது பங்களாதேஷின் சிட்டகொங் நகரிலுள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். 2008 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் வறிய, போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்களைத் தேடிச் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. இலங்கையிலிருந்தும் மாணவிகள் சென்றிருக்கிறார்கள். ஆங்கிலம் போதாதவர்களுக்கு முதலில் ஆயத்த ஆண்டு உண்டு. "பெண் பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது" என்ற கேள்வி வீட்டில் எழும். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்கு அனுப்பும்போது அதே கேள்வி ஏன் இவ்வளவு உரத்து எழுவதில்லை என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மிகப் பணக்காரப் பல்கலைக்கழகங்கள் பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹேர்ஸ்ட் போன்றவை வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் அனுமதிக்கின்றன. அனுமதி கிடைத்தால் குடும்பத்தால் இயலாத தொகை முழுவதையும் ஏற்கின்றன. ஆயிரக்கணக்கானோரில் மிகச் சிலரே உள்ளே போகிறார்கள் என்பதும் உண்மை. அமெரிக்கப் படிப்புக்கான இலவச ஆலோசனையைக் கொழும்பிலுள்ள அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு வழங்குகிறது. மின்னஞ்சலில் கேட்டாலே பதில் தருவார்கள்.

பட்டத்துக்குப் பின்

எமது பட்டதாரிகளுக்கு உண்மையில் அகலத் திறந்திருப்பது முதுமாணிப் படிப்புத்தான்.

பிரித்தானிய அரசின் செவ்னிங் ஓராண்டு முதுமாணிக்கானது. பட்டம், இரண்டு ஆண்டு அல்லது 2,800 மணித்தியால வேலை அனுபவம், மூன்று கற்கைநெறிகளின் தெரிவு ஆகியன கேட்கப்படும். தொண்டர் பணியும் பயிற்சிக் காலமும் அனுபவமாகக் கணிக்கப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மீள்குடியேற்றக் கிராமத்தில் மாலை வகுப்பு எடுத்தது, மாதர் அபிவிருத்திச் சங்கக் கணக்கு எழுதியது, கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில் பணியாற்றியது எல்லாம் மணித்தியாலங்கள்தான். எழுதி வையுங்கள். விண்ணப்பம் வழமையாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடும்.

பொதுநலவாயப் புலமைப்பரிசில் 1959 இலிருந்து இயங்குவது. இதில் இரண்டு வழிகள். ஒன்று, நாட்டிலுள்ள நியமன அமைப்பு ஊடாகப் போவது. மற்றையது, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களும் ஆணைக்குழுவும் செலவைப் பகிரும் திட்டம். பின்னையது, வேறு வழியில் பிரித்தானியாவில் படிக்க வசதியில்லாதவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது.

ஜேர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு அபிவிருத்தி சார்ந்த முதுமாணிப் படிப்புகளுக்கு மாதம் 992 யூரோ வழங்குகிறது. பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். பட்டம் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. நீர்வளம், விவசாயம், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல் என்று பட்டியல் நீளம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்ப் பிரச்சினையோடு வாழும் ஒரு விவசாயப் பட்டதாரி எதைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதுவது என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் எனது விருப்பத் தெரிவு. வேலை அனுபவம் பெரும்பாலும் கட்டாயமில்லை. இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனி இணையத்தளம், தனி முடிவுத் திகதி. பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்.

விஞ்ஞான, பொறியியல் பட்டதாரிகளுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் படிப்பு பெரும்பாலும் தன் செலவைத் தானே கொடுக்கும். கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியாகி மாதச் சம்பளமும் வரும். பல துறைகளில் முதுமாணி இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம்தான் சுமை. துறைக்கு எழுதிக் கேட்டால் பல இடங்களில் விலக்களிப்பார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் மூன்று ஆண்டுப் பொதுப்பட்டம் பெற்றவர்களுக்கு ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் தடை வரலாம். பல இடங்கள் நான்கு ஆண்டுச் சிறப்புப்பட்டத்தையே சமமாக ஏற்கின்றன. அப்படியானவர்கள் உள்நாட்டிலோ, சார்க் நாடுகள் சேர்ந்து டில்லியில் 2010 இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்திலோ முதுமாணியை முடித்துவிட்டு அடுத்த படிக்கு முயலலாம்.

ஆவணங்கள்

இவ்வளவும் இணையத்தில் தேடினாலும் ஓரளவு கிடைக்கும். கிடைக்காதது இனி வருவது. எமது பிள்ளைகள் பலரை விண்ணப்பத்தின் நடுவில் நிறுத்துவது புள்ளியோ ஆங்கிலமோ அல்ல, கடதாசி.

2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களின் பெட்டிகளில் ஆவணங்கள் இருந்திருந்தால் அதிர்ஷ்டம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பாடசாலை போன பிள்ளைகள் இன்று பட்டதாரிகள். அவர்களில் சிலருக்குப் பிறப்பே உரிய காலத்தில் பதியப்படவில்லை. பிறப்புப் பதிவு இருந்து பத்திரம் மட்டும் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாவிட்டால் காலந்தாழ்த்திய பதிவு அல்லது அனுமான வயதுச் சான்றிதழ். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன் தொடங்கும் வேலை அல்ல.

சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ் தொலைந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்திடம் சுட்டெண், ஆண்டு கொடுத்து இணையவழியாகவே பெறுபேற்று உறுதிப்படுத்தல் பெறலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பவும் ஏற்பாடு உண்டு. சுட்டெண் மறந்திருந்தால் பாடசாலை அதிபரையோ வலயக் கல்விப் பணிமனையையோ அணுகலாம்.

பெயர் இன்னொரு தலைவலி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால். அடையாள அட்டையில் வேறு ஒழுங்கு. பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்துகள். வெளிநாட்டுப் படிவமோ "குடும்பப் பெயர்" கேட்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது "க"வுக்கு ஒரு இடத்தில் "கே", இன்னொரு இடத்தில் "ஜி". "ச"வுக்கு "எஸ்"ஸும் "சி.எச்."சும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லாப் படிவங்களிலும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால் இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து ஆங்கிலத்தில் வைத்திருங்கள். தமிழிலுள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க வேண்டும். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டெம்பர் முதல் கடவுச்சீட்டும் அங்கே எடுக்கலாம்.

அடுத்து, எழுதவே மனம் கனக்கும் ஒரு கட்டம். "தந்தையின் பெயர், தொழில், கையொப்பம்."

தந்தை காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? இறந்தார் என்று எழுதினால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அதை எடுக்கத் தாய் சம்மதிக்க மாட்டார். ஆண்டுக்கணக்காக வீதியோரப் பந்தலில் புகைப்படத்தோடு இருக்கும் ஒருவரிடம் புலமைப்பரிசிலுக்காக அந்தக் கையொப்பத்தைக் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற இடமளிக்கிறது. அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அதையும் எடுக்க விரும்பாத குடும்பங்கள் உண்டு. காணாமல் போனோர் அலுவலகத்தின் மீதே நம்பிக்கையில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு, அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. அப்படியானால் முறைப்பாடு செய்த பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு, நிலைமையை விளக்கும் சத்தியக் கடதாசியை இணைத்து, வழங்கும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். 18 வயது நிரம்பிய விண்ணப்பதாரரிடம் பெற்றோர் கையொப்பம் பெரும்பாலான முதுமாணிப் புலமைப்பரிசில்களில் கேட்கப்படுவதே இல்லை என்பது ஓரளவு ஆறுதல்.

வருமான ஆதாரம் கேட்கும் இடங்களில், கூலி வேலை செய்யும் தாய்க்குச் சம்பளச் சீட்டு இருக்காது. கிராம அலுவலரின் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தைப் பெற்று மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்.

விசாப் படிவங்களில் ஆயுத அமைப்புகளுடனான தொடர்பு பற்றிய கேள்விகள் வரும். பெரும்பாலும் அவை விண்ணப்பதாரரைப் பற்றியவை. சில நாடுகளின் படிவங்களில் குடும்பத்தைப் பற்றியும் காலவரையறையோடு ஒரு கேள்வி இருக்கும். கேள்வியை முழுவதும் வாசிக்காமல் பயத்தில் பொய் எழுதுவதும், கேட்காததை எல்லாம் கொட்டுவதும் இரண்டும் பிழை. புனர்வாழ்வு பெற்றவர்கள் படிவத்தை நிரப்ப முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது. அமெரிக்க மாணவர் விசாவுக்கு 2025 ஜூன் முதல் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கக் கேட்கிறார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கட்டுரையும் பரிந்துரையும்

விண்ணப்பக் கட்டுரையில் போரைப் பற்றி எழுதலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எழுதலாம், ஆனால் அதையே விற்கக்கூடாது. தெரிவுக் குழுவில் இருப்பவர் உங்கள் துயரத்துக்குப் புள்ளி போடுவதில்லை. ஒன்பது வயதில் பதுங்குகுழியில் இருந்தேன் என்பது ஒரு வசனம். அதன் பின்னர் எந்தப் பாடத்தை, யாரிடம், எப்படிப் படித்தீர்கள், இன்று உங்கள் ஊரில் எந்தப் பிரச்சினை உங்களைத் தூங்க விடவில்லை, இந்தக் கற்கைநெறியின் எந்த அலகு அதற்கு உதவும் என்பது மிகுதி முழுவதும். படிப்பு இடைநின்ற ஆண்டுகளை மறைக்காதீர்கள். இடம்பெயர்வால் நின்றது என்று ஒரு வரியில் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் அந்த வெற்றிடம் சோம்பலாகத் தெரியும்.

காசு கொடுத்து எழுதுவிக்கும் கட்டுரை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். நேர்முகத்தில் அது உடனே அகப்பட்டுவிடும். இணையச் செயலிகள் எழுதித் தரும் கட்டுரைக்கும் இதே கதிதான்.

பரிந்துரைக் கடிதத்தை விரிவுரையாளரிடம் குறைந்தது ஆறு கிழமைக்கு முன் கேளுங்கள். உங்கள் பெறுபேற்றுத் தாள், கட்டுரை, முடிவுத் திகதி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்து அவர் அனுப்புவது முக்கியம். "நீரே எழுதிக் கொண்டு வாரும், நான் கையொப்பம் வைக்கிறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர்த்து, உங்களை உண்மையில் தெரிந்த இளம் விரிவுரையாளரைக் கேட்பது மேல். பதவி பெரிதாக இருப்பதால் கடிதம் கனப்பதில்லை.

ஆங்கிலப் பரீட்சைக்கு இன்று பல பத்தாயிரம் ரூபா வேண்டும், பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எனவே அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். செவ்னிங் போன்றவை விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்பதில்லை. ஆங்கில மொழிமூலம் பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் அதை உறுதிப்படுத்தும் கடிதம் பெற்றால் சில இடங்கள் பரீட்சையையே விட்டுக்கொடுக்கும்.

திரும்பி வருவது

வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் இது. செவ்னிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். அமெரிக்க புல்பிரைட்டுக்கும் அதே இரண்டு ஆண்டு நிபந்தனை விசாவிலேயே வருகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் திரும்பி வரக் கேட்கிறது. எராஸ்மஸ் முண்டுஸில் அப்படியான கட்டாயம் இல்லை. அரச ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், விரிவுரையாளர்கள் கற்கை விடுமுறைக்குப் பிணைமுறி எழுதிக் கொடுத்திருந்தால், திரும்பாவிட்டால் பிணை நின்றவர்களே பணம் கட்ட நேரும்.

போனவர் திரும்ப வரமாட்டார் என்ற கணக்கில்தான் பல வீடுகளில் கடன் வாங்கப்படுகிறது. முழுப் புலமைப்பரிசிலில் கடன் இல்லை, எனவே அந்தக் கணக்கும் தேவையில்லை. திரும்ப விருப்பமில்லாதவர் திரும்பும் நிபந்தனையுள்ளதைத் தெரிவு செய்யாமல் இருப்பதே நேர்மை. அவர் மீறினால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் எம்மவரும் சந்தேகத்தோடு பார்க்கப்படலாம்.

ஏற்கனவே வெளிநாட்டில் இருப்பவர்கள்

புகலிடக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கும் எம் இளையோர் பலர் பல்கலைக்கழகம் தமக்கு எட்டாது என்று நினைத்துத் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். பிரித்தானியாவில் புகலிடக் கோரிக்கையாளரிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணமே கேட்கப்படும் என்பது உண்மை. அதை ஈடு செய்யவே பல பல்கலைக்கழகங்கள் "சாங்ச்சுவரி" என்ற பெயரில் தனிப் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. கட்டணத் தள்ளுபடியோடு பெரும்பாலும் ஒரு கொடுப்பனவும் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்களில் புகலிடக் கோரிக்கையாளருக்கான மனிதாபிமானப் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தச் சொற்களைச் சேர்த்து இணையத்தில் தேடினால் பக்கம் வரும். விண்ணப்பிக்க முன் உங்கள் வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணியிடம் படிப்பு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குப் பிணை நிபந்தனைகளில் படிக்கக்கூடாது என்று எழுதப்பட்டிருக்கும், அதை நீக்கக் கோரவும் முடியும்.

இறுதியாண்டில் இருப்பவர்களுக்கும் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும்: கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி, பெறுபேற்றுத் தாள் மூன்றையும் மே மாதத்துக்குள் கையில் எடுத்துவிடுங்கள். ஓகஸ்டில் செவ்னிங் திறக்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் பொதுநலவாயமும் டி.ஏ.ஏ.டி.யின் பல கற்கைநெறிகளும். அதன் பின்னால் எராஸ்மஸ். திகதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், வழங்கும் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் பாருங்கள். வட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் திறந்து அடையாள அட்டை இலக்கத்தையும் "பதிவுக் கட்டணத்தையும்" கொடுத்துவிடாதீர்கள்.